உடலின் திசைச் சொற்கள்

உடலமைப்பியலைத் தமிழிற் பயிலப் புகும் மாணவர், என்பு, தசை, நாளம் ஆகியவற்றின் பெயர்களை மனனஞ் செய்தற்கு முன்னர் அறியவேண்டியன சில சொற்களே. முன், பின், மேல், கீழ், வலம், இடம், உள், வெளி என்பன அவை. குழந்தையும் அறிந்த சொற்களன்றோ எனின், அறிந்தனவாயிருத்தலே ஈண்டு இடர் விளைக்கின்றது. யாம் வைத்தியரல்லேம், எனினும் சொற்பொருளை வரையறுத்தல் தமிழாசிரியர் கடனாதலின் எழுதத் துணிந்தோம். மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலை வெளியிட்ட வைத்தியர் கிறீன் முதலாக, இத்துறையிற் புகுந்தார் யாவர்க்கும் இவ்விடர் உண்டு.

முதற்கண் உடலின் நிலை ஒன்றை நியமமாகக் கொள்ளல் வேண்டும். மனிதன் நிமிர்ந்து நிற்கின்றான். முகமும் பாதங்களும் முன்னோக்கியுள்ளன. கைகள் பக்கங்களிலே தொங்க, உள்ளங்கைகளும் முன்னோக்குகின்றன. நோயாளி மல்லாந்து கிடப்பினும் குப்புறக் கிடப்பினும் இவ்வாறு நிற்பதாகவே கருதி உரைப்பர். மல்லாந்து கிடப்பவனுடைய மூக்கு, கூரையை நோக்குவதனால் உச்சந்தலைக்கு 'மேல்' ஆகிவிடாது.

வலமும் இடமும் உடலுக்குரியவனுடையன, பார்ப்பவனுடையன அல்ல. எதிர்நின்று நோக்குவார்க்கு நோயாளியின் இடப்பக்கம் தம் வலக்கைப் பக்கமாகத் தோன்றும். இவ்வொரு சொல் பிறழின், பழுதற்ற சிறுநீரகம் அகற்றப்படவுங் கூடும். உலக சுகாதார தாபனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் இடத்தை உறுதிசெய்யப் பணிப்பதும் இதுபற்றியே.

இனி, தமிழுக்கே உரிய சிக்கல்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்டதை முன்கை என்கின்றோம். அங்கே 'முன்' என்பது தோளினின்றுந் தொலைவிலுள்ளமையைக் குறிக்கும். உடலமைப்பியலிலோ 'முன்' மார்புப் பக்கத்துக்கே உரியது. உறுப்பு உடலோடு பொருந்துமிடத்துக்கு அணித்தானதை அண்மை என்றும், அகன்றதைச் சேய்மை என்றும் வழங்குவர். மணிக்கட்டு முழங்கைக்குச் சேய்மையானது. ஆதலின் 'முன்கையின் முன்புறம்' என்பது கூறியது கூறலன்று. உள்ளங்கையோடு தொடரும் பக்கமே அது. 'மேல்' என்பதும் தலைப்பக்கத்தையும் தோலையொட்டிய பரப்பையும் ஒருங்கே குறித்து மயக்கும். பின்னையதை மேற்பரப்புக்குரியது என்றும், அதற்கு மறுதலையை ஆழமானது என்றும் விரித்துரைத்தலே தக்கது. சொல் நீளுமேயென்று அஞ்சவேண்டா.

'உள்' என்பது நடுக்கோட்டுக்கு அணித்தானது. உள்ளே புதைந்தது அன்று. கணைக்காலில் இரண்டு என்புகள் உள. பெருவிரற் பக்கத்தது உள்ளென்பு. சிறுவிரற் பக்கத்தது வெளியென்பு. மாணவர் தம் கணைக்காலின் முன்புறத்தைத் தடவிப் பார்க்க. தோலின் கீழ் உடனே கைக்குத் தட்டுப்படுவது உள்ளென்பே. வெளியென்போ பெரும்பாலும் தசையுள் மறைந்து கிடக்கும்.

உள்ளங்கை முன்னோக்க வேண்டுமென்ற விதியின் காரணமும் முன்கையிலே விளங்கும். பெருவிரற் பக்கத்தே ஆரையும் சிறுவிரற் பக்கத்தே அரந்தியும் அப்பொழுது அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பின், ஆரை அரந்தியின் குறுக்கே சாய்ந்து, அதன் கீழ்முனை உட்பக்கஞ் சேர்கின்றது.