டிமென்சியா: வகைகளை இனங்காணல்

மாணவர்களே, வயதானவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். விடைத்தாளில் அவ்வாறு எழுதினால் புள்ளி கிடைக்காது. டிமென்சியா முதுமையின் இயல்பான விளைவன்று. அது மூளையைத் தாக்கும் பல்வேறு நோய்களால் தோன்றும் அறிகுறிகளின் தொகுதியாகும். எந்த நோய் என அறிந்தாலே சிகிச்சை சரியாக அமையும்.

சந்தையில் ஒரு பொருளை வாங்க மறப்பது சாதாரண மறதி. பல வருடம் போய்வந்த சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோயின் அறிகுறி.

பிரதான வகைகள்

1. அல்சைமர் நோய்: மிகப் பொதுவான வகை. ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் 1906 இல் இதனை விவரித்தார். அமிலோயிட், ரௌ ஆகிய புரதங்கள் மூளையில் படிய, நரம்புக் கலங்கள் அழிகின்றன. பொதுவாக அண்மைய நிகழ்வுகளே முதலில் மறக்கும். நோய் சிறிது சிறிதாகக் கூடும்.

2. குருதிக்கலன் சார்ந்த டிமென்சியா: பாரிசவாதம், உயர் குருதியமுக்கம், நீரிழிவு ஆகியவற்றுடன் தொடர்புடையது. பெரும்பாலும் படியிறங்குவதுபோல நிலை மோசமடையும்.

3. லூயி உடல் டிமென்சியா: இல்லாத ஆட்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரியும். தெளிவு நாளுக்கு நாள் மாறும். கைகால் விறைத்து நடை மெதுவாகும்.

4. நுதல்-கடைநுதல் டிமென்சியா: பெரும்பாலும் 45 - 65 வயதில் தொடங்கும். மறதிக்கு முன்னரே நடத்தை அல்லது பேச்சு மாறும். இதனைக் குணக்கேடு என எண்ணி ஏமாறுவோர் பலர்.

கண்டறிதல்

தனியொரு பரிசோதனை போதாது. வைத்தியர் வீட்டாரிடம் விசாரிப்பார்; நினைவாற்றலைச் சோதிப்பார்; குருதிப் பரிசோதனையும் மூளை ஸ்கானும் செய்விப்பார். தைரொயிட் ஹோர்மோன் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியனவும் டிமென்சியாபோலத் தோன்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "அறளை" என்று வீட்டில் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு இழக்கப்படும்.

கவனிக்க: ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் தொற்று, நீரிழப்பு, மருந்து என்பன காரணமாகலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிகிச்சை

மேற்கூறிய நான்கு வகைகளையும் முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டொனெபெசில், ரிவாஸ்ரிக்மின் ஆகியன 1 ஆம், 3 ஆம் வகைகளில் அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்கலாம். 4 ஆம் வகைக்குப் பயன்படா. 2 ஆம் வகையில் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தலும் புகைத்தலை நிறுத்தலும் முக்கியம். ஆரம்பநிலை அல்சைமர் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் லெகனெமாப் மருந்து 2023 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எல்லா வகைக்கும் ஒழுங்கான நாளாந்த நடைமுறையும் வாதாடாத பராமரிப்பும் அவசியம்.

மாதிரி வினா

70 வயதான ஒருவர் முற்றத்தில் இல்லாத சிறுவர்களைக் காண்கிறார். நடை மெதுவாகியுள்ளது. ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம்.
(அ) எவ்வகையைச் சந்தேகிக்கலாம்?
(ஆ) இதனை வைத்தியருக்கு அறிவிப்பது ஏன் முக்கியம்?

விடை

(அ) லூயி உடல் டிமென்சியா.
(ஆ) இல்லாததைக் காண்பவர்க்குக் கொடுக்கப்படும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் இந்நோயாளருக்குக் கடுந்தீங்கு விளைவிக்கலாம்.

(அ) இற்கு "சந்தேகிக்கலாம்" என்றே எழுதுங்கள். நோயை உறுதிசெய்பவர் வைத்தியர். கண்டதைச் சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நீங்கள்.