தாடை மூட்டும் அதன் படமும்

எழுத்துக்கள் பிறக்கும் நிலைக்களங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைத் தொல்காப்பியர் வகுத்தார். இவற்றுள் வாயுறுப்புக்கள் தந்தொழில் செய்வதற்குக் கீழ்த்தாடை இசைந்து அசைதல் வேண்டும். அவ்வசைவுக்கு இடமாயுள்ளது காதின் முன்னமைந்த தாடை மூட்டு. அதனை ஈண்டு நோக்குவாம்.

கீழ்த்தாடையின் மேல்நுனிக் குமிழ் மண்டையோட்டின் குழியிற் பொருந்தியுள்ளது. இரண்டற்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வாயை அகலத் திறக்குங்கால் குமிழ் சுழல்வதோடு அமையாது, குழியின் முன்னுள்ள மேட்டின்மீது வழுக்கியுஞ் செல்லும்.

பற்கள் பொருந்தும் முறையை எட்வர்ட் ஆங்கிள் என்னும் அமெரிக்கர் 1899 இல் கடைவாய்ப் பற்களைக் கொண்டு மூவகைப்படுத்தினார். பின்வந்தோர் எலும்பையும் நோக்கினர். தாடைகள் இசைந்திருப்பது முதல்வகை; மேற்றாடையை நோக்கக் கீழ்த்தாடை பின்னடைந்திருப்பது இரண்டாம் வகை; முன்னீண்டிருப்பது மூன்றாம் வகை. தலையை நிலைநிறுத்திக் கதிர்ப்படமெடுக்கும் முறை 1931 இல் வெளிவந்த பின் இவ்வேறுபாடு கோணத்தால் அளக்கப்படலாயிற்று.

ஆயினும், பக்கவாட்டுப் படத்தில் இருபுற மூட்டுக்களின் நிழல்களும் மண்டையோட்டெலும்பின் நிழலோடு ஒன்றன்மேல் ஒன்றாய் விழும். நம் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக்குளத்தின் நீர்ப்பரப்பைக் கண்டார் அதன் அடித்தரையைக் கண்டவராகார், அதுபோல்வதே இதுவும். 1990களின் இறுதியில் வந்த கூம்புக் கதிர்க் கணினிப்படம் இக்குறையை நீக்கி, எலும்பைப் படலம் படலமாய்க் காட்டுகின்றது. வட்டினைக் காண்பதற்கோ காந்த அதிர்வுப் படமே ஏற்றது.

இப்படங்களால் அறியப்பட்டது யாது? மூன்றாம் வகையினரிற் குழி அகன்றும் ஆழங்குறைந்தும் இருத்தலைச் சில ஆய்வுகள் கண்டன. எனினும், ஒரே வகையினருள்ளும் வேறுபாடு மிகுதி. நோவு யாதுமில்லாதாருள் ஏறக்குறைய மூன்றிலொருவர்க்கு வட்டு இடம் விலகியிருத்தலும் அறியப்பட்டுள்ளது. ஆதலின், படத்திற் காணும் மாறுபாடெல்லாம் நோயன்று. நோவு, வாய் திறக்கும் அளவு, தாடையின் வகை ஆகியவற்றோடு சேர்த்தே படத்தைப் படித்தல் வேண்டும்.

பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் ஆசிரியராயும் உளர். அவர் மனங்கொளற்பாலன இரண்டு. மூட்டில் ஒலி மாத்திரம் எழுமாயின் அஞ்சிப் படத்துக்கு விரைய வேண்டா. கதிர்ப்படம் சிறிதாயினும் கதிர்வீச்சு உடைத்து. ஆயின், சிறுபிள்ளை விழுந்து நாடியில் அடிபட்டு, வாய் திறக்க இடர்ப்படின், நாடிக் காயம் ஆறிற்றென்று வாளாவிருத்தலாகாது. கீழ்த்தாடை வளருமிடங்களுள் குமிழும் ஒன்று. அஃது ஊறுபடின் தாடை குறுகவும் முகம் ஒருபாற் கோணவும் கூடும். வளரும் பருவத்திலேயே பல் மருத்துவரிடங் காட்டின், பின்னர் வருந் துன்பம் பெரிதுங் குறையும்.

பிள்ளையின் பல்லை எண்ணும் நாம், அது வாய் திறக்கும் அளவையும் நோக்குவோமாக.