கணினித்திரையில் எழுத்தைக் கண்ணுக்கு இசைவித்தல்

ஓலையிற் கற்ற நம் முன்னோர் கண்ணை மட்டும் நம்பி வாளாவிருந்தாரல்லர். எழுத்தாணியாற் கீறிய எழுத்து எளிதில் தோன்றாதாகலின், கோவையிலைச் சாறு, வசம்புக் கரி முதலியவற்றை ஏட்டிற் பூசித் துடைத்தனர். கீற்றுக்களிற் கருமை தங்கி எழுத்து விளங்கிற்று. இதனை மையாடல் என்பர். ஓலை கிழியுமென்று அஞ்சி எழுதுவோர் புள்ளியை விடுத்தமையால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலின் கொம்பைச் சுழித்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். கண்ணை வருத்துவதினும் எழுத்தைத் திருத்துவதே அறிவுடைமை என்பது இவற்றாற் பெறப்படும்.

இன்று நாம் பழந்தமிழ் நூல்களைப் பெரும்பாலும் திரையிலேயே கற்கின்றோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் மார்த்தாண்டத்து மாணவனுக்கும் ஒரு பெரிய நூலகத்தைத் திறந்து வைத்துள்ளன. ஆயினும், சிற்றெழுத்தை உற்றுநோக்கிக் கண்ணெரிச்சலும் தலைநோவும் எய்தி, நூலையே வெறுப்பார் நம்மிற் பலர். அன்றியும், எழுத்துச் சிறுத்தால் முதலில் மறைவன புள்ளியும் சுழியுமே. ‘கல்’ ‘கல’ ஆகும். ‘கோடு’ ‘கொடு’ ஆகும். ஆதலின் இது கண்ணுக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் கேடாம். இதனை நீக்கும் வழிகள் சில காண்போம்.

முதலாவது, எழுத்தின் அளவு. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டற்குறியைத் தட்டினால் இணையப் பக்கம் பெரிதாகும். விண்டோஸ் கணினியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்னும் அமைப்பால் எழுத்தை 225 விழுக்காடு வரை பெருக்கலாம். கை நீட்டும் தொலைவில் அமர்ந்து, புள்ளி ஐயமின்றித் தோன்றும் அளவே தக்க அளவு.

இரண்டாவது, ஒளி. திரையருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து நோக்குக. திரை விளக்கைப்போல் ஒளிர்ந்தால் ஒளியைக் குறைக்க. மங்கித் தோன்றினால் கூட்டுக. சாளரம் திரைக்குப் பின்னேயோ நம் முதுகுக்குப் பின்னேயோ இராமல் பக்கவாட்டில் இருத்தல் நன்று.

மூன்றாவது, நிறமும் தெளிவும். வெளிர்ந்த பின்புலத்திற் கரிய எழுத்து ஏற்றது. சாம்பல் நிற எழுத்து ஆகாது. எழுத்தின் விளிம்பு சிதைந்து தோன்றினால் ‘கிளியர்டைப்’ அமைப்பால் அதனைச் சீராக்கலாம். மாலையில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ சிலர்க்கு இதமளிக்கும். ஆனால் அதுவே கண்சோர்வுக்கு மருந்தென எண்ணற்க.

இத்துணையும் செய்தபின் கண்ணுக்குரிய கடன் ஒன்று எஞ்சும். திரையை நோக்குங்கால் நாம் இமைப்பது குறைகின்றது, கண் உலர்கின்றது. ஆகவே 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 நொடி நோக்குக என்பர். தென்னையும் இரப்பரும் சூழ்ந்த நம்மூரில் அத்தொலைவிற் பசுமைக்குக் குறைவில்லை. இவ்வளவு செய்தும் நோவு தீராதாயின் திரையைக் குறைகூறாது கண் மருத்துவரை நாடுக.

நண்பர்காள்! அமைப்புக்களைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடம் நம்மை நெடுநேரம் நூலோடு இருத்தும். ஒரு புள்ளியையும் இழவாமற் கற்கச் செய்யும்.