ஆளை எடை போடும் ஆறு எண்கள்

தராசு, எடைக்கல், லிட்டர் அளவை எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்துக்கொள்கிறோம். முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் அபராதம். ஆனால் கடையில் கூட இருக்கும் மனிதர்களை மட்டும் கண்மதிப்பில்தான் நிறுத்து வருகிறோம். கூட்டாளி எப்படிப்பட்டவர், கல்லாவில் உட்கார வைத்த தம்பி மகன் என்ன எதிர்பார்க்கிறான், பத்து வருடம் கூட இருந்த ஆள் ஏன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்குப் போனார் என்றெல்லாம் நாம் போடும் கணக்கு, பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு போடும் கணக்கு.

விலை இறங்கி, சரக்கு தேங்கி, நஷ்டத்தில் கடையைக் கட்டியவர்களை நாம் அறிவோம். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, கூட்டாளிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனதால் பூட்டு விழுந்த கடைகளும் உண்டு. இந்த இரண்டாவது வகை நஷ்டத்தைப் பற்றியதே இந்தப் பாடம்.

பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஆளுமைக் கேள்வித்தாள்களை வைத்திருக்கின்றன. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் தாளைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது ‘நீ எப்படிப்பட்டவன்’ என்று கேட்பது. நம் கடைக்கு அதைவிடப் பயன்படக்கூடியது வேறொன்று. ‘நீ மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறாய், மற்றவர்கள் உன்னிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறாய்’ என்று கேட்பது அது. அதன் பெயர் ஃபைரோ-பி.

கப்பற்படையில் பிறந்த தாள்

வில் ஷுட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1950களில் அந்நாட்டுக் கப்பற்படைக்காக ஆய்வு செய்தார். போர்க்கப்பலில் ராடார் செய்திகள் எல்லாம் வந்து சேரும் அறை ஒன்று உண்டு. அங்கே சில பேர் நெருக்கமாக உட்கார்ந்து, வந்த செய்தியை நொடியில் புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். திறமைசாலிகளாகப் பொறுக்கி எடுத்துப் போட்டாலும் சில குழுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. யாரை யாரோடு உட்கார வைத்தால் ஒத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த ஆய்வின் பலனை ஷுட்ஸ் 1958இல் புத்தகமாக வெளியிட்டார்.

தாளில் 54 வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுதுபவருக்கு, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்களே என்று சலிப்பு வரும். சிறு வித்தியாசத்தில் திரும்பக் கேட்பதே அந்தத் தாளின் முறை.

மூன்று தேவை, இரண்டு பக்கம்

மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தேடுவது மூன்று என்றார் ஷுட்ஸ். முதலாவது சேர்த்துக்கொள்ளுதல். நாலு பேர் கூடும் இடத்தில் நானும் இருக்க வேண்டும், என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பது. இரண்டாவது அதிகாரம், அதாவது யார் சொல்வது, யார் கேட்பது என்பது. மூன்றாவது பாசம். ஒருவரோடு மனம்விட்டுப் பழகும் நெருக்கம் அது.

இவ்வளவு தூரம் நமக்கும் தெரிந்ததுதான். நமக்குத் தெரிந்தும் தவறவிடுவது அடுத்த படி. இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஷுட்ஸ் இரண்டு எண் கொடுத்தார். ஒருவர் மற்றவரிடம் தாமாக வெளிக்காட்டுவது ஒன்று. மற்றவரிடமிருந்து தமக்கு வேண்டுவது இன்னொன்று. மூன்று இரண்டு ஆறு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை.

வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதினால் பேரேடு என்ன ஆகும்? மனிதர் விஷயத்தில் நாம் செய்வது அதைத்தான். அதிகம் பேசாதவர் என்றால் யாருடைய பேச்சும் அவருக்கு வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எல்லாரையும் அதட்டி வேலை வாங்குபவருக்குத் தம்மை யாரும் அதட்டக் கூடாது என்பதும் இருக்கலாம். தமக்கு மேலே ஒருவர் இருந்து வழி சொன்னால் தேவலை என்பதும் இருக்கலாம். வெளியில் தெரியும் எண்ணை வைத்து உள்ளே இருக்கும் எண்ணைச் சொல்ல முடியாது.

பாசம் என்ற தலைப்பில் வெளிக்காட்டுவது 1, வேண்டுவது 7 என்று வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலையில் வந்து ஷட்டரைத் திறப்பார். மூட்டை இறக்குவார், எடை போடுவார், இரவு பூட்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். தம் வீட்டு விஷயம் ஒன்றையும் வாய் திறந்து சொல்ல மாட்டார். நாமும் கேட்க மாட்டோம். அவர் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும், “அவர் ஒன்றும் சொல்லவில்லையே” என்று இருந்துவிடுவோம். தீபாவளிக்குப் போனஸ் சரியாகத்தான் கொடுத்திருப்போம். ஆனாலும் ஒருநாள் எதிர்க்கடை அண்ணாச்சி, “பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டார் என்றால், அடுத்த மாதம் அவர் அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று போய்விட்டார் என நாம் பேசிக்கொள்வோம்.

கூட்டிக் கழிக்கும் முறை

இரண்டு பேர் ஒத்துப்போவார்களா என்பதற்கு ஷுட்ஸ் ஒரு கணக்கு சொன்னார். கடைக்காரருக்கு அது கஷ்டமே இல்லை. முதலாமவர் வெளிக்காட்டுவதற்கும் இரண்டாமவர் வேண்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். பிறகு இரண்டாமவர் வெளிக்காட்டுவதற்கும் முதலாமவர் வேண்டுவதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் கூட்டினால் வருவது சிறிதாக இருந்தால் பொருத்தம். பெரிதாக இருந்தால் உரசல்.

ஓர் அரிசி மண்டியில் இரு கூட்டாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரம் என்ற தலைப்பில் மூத்தவர் வெளிக்காட்டுவது 8, வேண்டுவது 1. இளையவருக்கு 7, 2. மூத்தவரின் 8இல் இளையவரின் 2 போக 6. இளையவரின் 7இல் மூத்தவரின் 1 போக 6. மொத்தம் 12. அதிகபட்சமே 18தான். இருவருக்கும் சொல்லத் தெரியும், கேட்கப் பிடிக்காது. லாரி வந்து நிற்கும்போது எந்த லோடை இறக்குவது என்பதிலேயே சண்டை வரும். இளையவர் இடத்தில் 2, 7 என்ற எண் உள்ள ஒருவர் இருந்தால் மொத்தம் 2தான் வரும், லோடு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இருவருக்குமே 1, 1 என்று இருந்தால் மொத்தம் பூஜ்யம். தாளின்படி இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஆனால் இருவரும் முடிவு சொல்ல மாட்டார்கள், முடிவு சொல்லவும் விட மாட்டார்கள். புது மிளகாய் வரத்து தொடங்கி விலை படிந்திருக்கும்போது, வாங்கலாமா வேண்டாமா என்று பத்து நாள் போய்விடும். சண்டை இல்லாத கடை என்று பெயர் கிடைக்கும், சரக்கு கிடைக்காது. சண்டை போடும் 12ஐவிடச் சண்டை போடாத இந்தப் பூஜ்யம் ஆபத்தானது என்பது என் கருத்து.

இந்தத் தராசுக்கு முத்திரை உண்டா?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு சோதனைத் தாளை எழுதி வாங்கினார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, எவ்வளவு சரி என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால் 39 பேருக்கும் கொடுத்தது ஒரே பக்கம்! அதிலிருந்த வாசகங்களைப் பெரும்பாலும் பெட்டிக்கடையில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டைப் படித்துவிட்டு “அப்படியே சொல்லிவிட்டதே” என்று நாம் தலையாட்டுவதும் இதே கதைதான். அச்சடித்த தாளில் வந்தால் படித்தவரும் தலையாட்டுகிறார்.

ஃபைரோ-பி சீட்டு எடுக்கும் கிளி அல்ல. எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் இந்தத் தராசில் சரக்கை வைப்பவரும் அவரே, முள்ளைப் பார்ப்பவரும் அவரே. தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத்தான் தாள் நிறுக்கிறது. ஷுட்ஸே இதில் திருப்தி அடையவில்லை. பிற்காலத்தில் தாளைத் திருத்தி எழுதி, பாசம் என்ற தலைப்பை எடுத்துவிட்டு வெளிப்படையாக இருத்தல் என்று மாற்றினார். மயர்ஸ்-பிரிக்ஸ் தாளில், சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் வேறு வகையில் விழுபவர்கள் கணிசமானவர்கள். காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை காட்டும் தராசை நாம் கல்லா அருகே வைப்போமா?

அதனால் ஆள் எடுப்பதற்கு இந்தத் தாள்களைப் பயன்படுத்தக் கூடாது. வேலை தேடி வந்தவர் முதலாளிக்குப் பிடித்த விடையைத்தான் குறிப்பார். குறிக்காவிட்டால் சோறு போய்விடுமே. சம்பள உயர்வுக்கும் இதைப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கடைக்காரர் தம் ஆட்களுக்குத் தாள் கொடுத்து, ‘உனக்கு அதிகாரம் 2தான், நீ சூப்பர்வைசர் ஆக முடியாது’ என்று சொன்னார் என்றால், அவர் தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று பொருள். தவிர, இந்தத் தாள் பதிப்புரிமை உள்ளது. பயிற்சி பெற்றவர் மூலமாகத்தான் எழுத வேண்டும்; ஜெராக்ஸ் எடுத்து விநியோகிப்பது முறையல்ல.

சிறு கடைக்கு அந்தத் தாள் இல்லாமலே முடியும். கூட்டாளிகள் கடை சாத்திய பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, தனித்தனிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். எந்த விஷயத்தில் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது? எந்த முடிவை நானே எடுக்க வேண்டும், எதை நீங்கள் எடுத்தால் எனக்கு நிம்மதி? நான் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்று நான் நினைப்பது எது? எழுதி முடித்த பிறகே காகிதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பேசத் தொடங்கினால் குரல் பெரிதாக உள்ளவர் எழுதியதே இருவர் எழுதியதாகிவிடும். அண்ணன் தம்பி கடைகளில் இது இன்னும் அவசியம். தம்பி அண்ணனிடம் நேரில் கேட்க மாட்டார்; மதனி வழியாகச் சொல்லி அனுப்புவார், அது வேறு விதமாகப் போய்ச் சேரும்.

பத்திரத்தில் எழுத வேண்டியது

சட்டமும் இந்த இடத்தில் நமக்கு உதவாது, நாமாக எழுதாவிட்டால். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, கூட்டாளி ஒவ்வொருவருக்கும் வியாபாரத்தை நடத்துவதில் பங்கெடுக்க உரிமை உண்டு. அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு செய்யும். இரண்டே கூட்டாளிகள் என்றால் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? 13ஆம் பிரிவின்படி, கடையில் உழைப்பதற்காகக் கூட்டாளிக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. காலை ஐந்து மணிக்கு மார்க்கெட் போகிறவரும் பதினோரு மணிக்குக் கல்லாவுக்கு வருகிறவரும் இந்த விஷயத்தில் ஒன்றே. இரண்டு பிரிவுகளுமே, கூட்டாளிகள் தங்களுக்குள் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மட்டும் பொருந்துபவை. காலவரையறை இல்லாத கூட்டு என்றால், ஒருவர் மற்றவருக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தே கூட்டைக் கலைத்துவிடவும் 43ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஒரு கோபம், ஒரு ரிஜிஸ்டர் தபால் போதும்.

ஆகவே அந்த இரண்டு காகிதங்களில் அதிகாரம் பற்றி வந்ததைப் பத்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு தொகை வரை ஒருவரே கொள்முதல் செய்யலாம், அதற்கு மேல் போனால் இருவர் கையெழுத்தா. பற்று எழுதிக்கொடுக்கும் அதிகாரம் யாருக்கு, ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு வரை. புது ஆளை யார் சேர்ப்பது. முடிவு எட்டாமல் நின்றால் இருவரும் ஒப்புக்கொண்ட எந்த மூன்றாமவரிடம் போவது. உழைக்கும் கூட்டாளிக்கு மாதம் எவ்வளவு என்பவை அவை. பழைய பத்திரத்தில் இவை இல்லையென்றால் இருவரும் சம்மதித்துத் திருத்தப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். மார்ச் 31 கணக்கு முடிக்கும் வாரத்தில் வைத்துக்கொண்டால் ஆடிட்டரும் பக்கத்தில் இருப்பார்.