ஷட்டர் ஸ்பிரிங் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காலையில் ஒரு கையால் தூக்கித் திறந்த ஷட்டரை இப்போது பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது என்றால், நம் சந்தேகம் முதலில் ஸ்பிரிங் மேல்தான் போகும். உடனே மெக்கானிக்கை வரவழைத்து, "நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தச் சொல்லில்தான் தவறு தொடங்குகிறது. ஷட்டருக்குத் தேவை பலமான ஸ்பிரிங் அல்ல. அதன் எடைக்குச் சரியான ஸ்பிரிங்.

முதலில் கோளாறு ஸ்பிரிங்கில்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே இடத்தில் பிடித்தால், பக்கச் சேனல் வளைந்திருக்கிறது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. தள்ளுவண்டி இடித்து நெளிந்த சேனல் நம் கடைகளில் சர்வ சாதாரணம். ஏற்றும்போது கனத்து, இறக்கும்போது சரசரவென்று தானே ஓடி வந்தால் அது ஸ்பிரிங் தளர்ச்சி. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து கோணலாக ஏறினால், தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம்.

ஷட்டருக்கு மேலே உள்ள பெட்டிக்குள் குறுக்காக ஒரு இரும்புக் குழாய் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் சுழலும் வட்டுகளுக்குள் பட்டை ஸ்பிரிங் சுருண்டிருக்கிறது. ஸ்பிரிங்கின் உள்முனை குழாயிலும் வெளிமுனை வட்டிலும் பிடிபட்டிருக்கும். ஷட்டரை இழுத்து மூடும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. திறக்கும்போது அந்த முறுக்குத்தான் நமக்காகத் தூக்குகிறது.

எவ்வளவு தூக்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 8 அடி அகலம், 8 அடி உயரமுள்ள வாசல் ஏறக்குறைய 6 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு சுமார் 9.4 கிலோ. ஆகத் தகடு மட்டுமே 56 கிலோ. பட்டைகளின் ஓரம் சுருட்டப்பட்டிருப்பதால் தகடு இன்னும் கூடுதலாகச் செல்லும். அடிப்பட்டையும் பூட்டும் கைப்பிடியும் சேர்ந்தால் 75, 80 கிலோவுக்கு வந்துவிடும். ஏறக்குறைய ஒரு மூட்டை அரிசி! இதில் பெரும்பங்கை ஸ்பிரிங் சுமப்பதால்தான் கடைப் பையனும் ஷட்டரைத் தூக்க முடிகிறது.

அந்த எடை மாறாமல் இருப்பதில்லை. அடியில் துருப்பிடித்த பட்டைகளை வெட்டிவிட்டுக் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்கிறோம். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததென்று குறுக்கே ஒரு இரும்புச் சட்டமும் இன்னொரு பூட்டும் சேர்க்கிறோம். ஸ்பிரிங் மட்டும் பழைய எடைக்குப் போட்டது. ஆகவே பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துப்போய் "இதே மாதிரி" என்று வாங்கி வருவது எல்லா நேரமும் சரியாகாது. வேலையைத் தொடங்குமுன் என்னென்ன சேர்த்தோம் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிடலாமே என்பீர்கள். பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். கனத்துக்கோ மும்மடிப் பெருக்கத்தில் கூடும். மற்ற அளவுகள் மாறாமல் 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பதில் 1.2 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்பு 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அப்புறம் ஷட்டர் கையிலிருந்து பறித்துக்கொண்டு மேலே போய் மோதும். அடிப்பட்டை நெளியும். இரவு மூடும்போது பையன் அதில் தொங்கித்தான் இறக்க வேண்டும். அப்போதும் அது தரையில் படியாமல் அரை அங்குலம் எம்பி நின்றால் பூட்டின் நாக்கு துளையில் சரியாக விழாது. காவலுக்காக வைத்த கதவு காவலில்லாமல் போய்விடும். விலை குறைகிறதென்று நீளம் குறைந்த பட்டை வாங்குவதும் அப்படித்தான்: அது விறைப்பாக இருக்கும், சீக்கிரம் ஒடியும்.

எல்லா ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றச் சொன்னால் மெக்கானிக் காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். ஒன்று புதிது, மற்றது பழையது என்றால் ஷட்டர் கோணி ஏறிச் சேனலைத் தேய்க்கும். மிச்சமுள்ள பழையதும் வெகுநாள் தாங்காது.

பெரிய வாசல்களுக்கு ஸ்பிரிங் மட்டும் போதாது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248 உருட்டு ஷட்டர்களுக்கானது. கையால் தள்ளித் திறப்பது 8 சதுர மீட்டர் வரை. பால் பேரிங் இருந்தால் 12 சதுர மீட்டர் வரை. அதற்கு மேல் கியர் வைத்துத்தான் என்பது பொதுப்பணிகளில் கடைப்பிடிக்கும் வரம்பு. 10 அடிக்கு 10 அடி வாசலே 9.3 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. 12க்கு 12 அடி குடோன் வாசல் 13.4. அதைக் கையால் தூக்கிக்கொண்டு மாதம் ஒரு ஸ்பிரிங் போட்டுக்கொண்டிருப்பது வீண் செலவு.

ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு அதிகம். அந்த நிலையில் குழாயின் கிளாம்பை யாராவது தளர்த்தினால் முறுக்கு ஒரே வீச்சில் விடுபடும். கை எலும்பை முறிக்க அது போதும். கடைப் பையனை ஸ்டூலில் ஏற்றி ஸ்பேனரைக் கொடுக்கவே கூடாது. இது பழகிய மெக்கானிக்கின் வேலை. அவர் வேலை செய்யும்போது வாடிக்கையாளர்கள் கீழே நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

மாட்டி முடித்ததும் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. ஷட்டரை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி. சரிந்தால் முறுக்குப் போதவில்லை, எம்பினால் அதிகம். முழுக்க மேலே விட்டாலும் தானாக இறங்கக் கூடாது. ஒரு சுற்றுக் கூட்டுவதோ குறைப்பதோ அவருக்குச் சிறிய வேலைதான், மறுநாள் மீண்டும் கூப்பிடுவதுதான் பெரிய வேலை.

வருடம் ஒருமுறை ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வையுங்கள். சேனலில் எண்ணெயை ஊற்ற வேண்டாம். மளிகைக் கடையில் பறக்கும் மாவும் மிளகாய்த் தூளும் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். துணியால் துடைத்தாலே போதும். உப்பு மூட்டைகளை ஷட்டர் ஓரமாக அடுக்குவதையும் தவிர்க்கலாம்.

பில்லில் "ஸ்பிரிங் மாற்றியது" என்று மட்டும் எழுதி வாங்காமல் பட்டையின் அகலம், கனம், எத்தனை ஸ்பிரிங், எந்தத் தேதி என்று எழுதச் சொல்லுங்கள். அதையே பெட்டி மூடியின் உட்புறம் பெயின்டால் எழுதி வைத்தால், அடுத்த முறை வேறு மெக்கானிக் வந்தாலும் அளவு தேட வேண்டியதில்லை.