யாஷிகா 124ஜி வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய இரண்டு ரோல்களையும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். ஷட்டர் போய்விட்டது, நல்ல மெக்கானிக் யாரையாவது சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மெக்கானிக்கை இப்போதைக்கு விடு. பழைய கேமராவைக் காரணம் தெரியாமல் பிரிக்கக் கொடுத்தால், இருக்கிற கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்து வரும். நெகட்டிவே நிறையச் சொல்கிறது, அதை முதலில் கேட்போம்.

படத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற எழுத்தும் கட்ட எண்களும் அங்கே இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. உன் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது, கழுவும்போதுதான் வெளியே வரும். அந்த எழுத்தும் மங்கிச் சாம்பலாக இருந்தால் டெவலப்பர் செத்திருக்க வேண்டும், அல்லது நேரமோ சூடோ குறைந்திருக்க வேண்டும். உன் ரோல்களில் எழுத்து கன்னங்கரேலென்று இருக்கிறது, படம்தான் மெலிந்து கிடக்கிறது. ஆகவே கழுவியவர் மேல் தப்பில்லை. ஃபிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஷட்டரையும் இதே கணக்கில் விட்டுவிடலாம். இலை ஷட்டர் வயதாக ஆகக் கிரீஸ் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து மெதுவாகும். 1/500 என்று போட்டால் 1/300 பக்கம் ஓடும். ஒரு செகண்டில் வைத்தால் பாதியில் சிக்கி நிற்கும். மெதுவாக மூடினால் வெளிச்சம் கூடும், நெகட்டிவ் கெட்டியாகும். உன்னுடையது நேர் எதிர். கிழட்டு ஷட்டர் திடீரென்று இளமை திரும்பி வேகமாக ஓடுவதை நான் பார்த்ததில்லை. அதனால் மீட்டர் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது லென்ஸுக்கு முன்னால் ஏதோ ஒன்று வெளிச்சத்தைத் தின்றிருக்க வேண்டும். உன் விஷயத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மீட்டரை எடுத்துக்கொள். இந்த மாடல் 1970இல் வந்தது. அதன் காட்மியம் சல்பைடு மீட்டர் பிஎக்ஸ் 625 என்ற பாதரச செல்லுக்காகச் செய்தது. அந்த செல் 1.35 வோல்ட் தரும், சாகிற நாள்வரை ஏறாது, இறங்காது. பாதரசம் மண்ணைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கடையில் அதே அளவில் கிடைப்பது ஆல்கலைன், 1.5 வோல்ட். வோல்ட் கூடியதும் முள் கூடுதலாக ஏறும். வெளிச்சம் ஏகப்பட்டது இருக்கிறது என்று மீட்டர் சொல்லும், நீயும் நம்பி அபர்ச்சரை மூடுவாய். பொதுவாக ஒரு ஸ்டாப் அளவுக்கு நட்டம். அப்படியானால் ஏஎஸ்ஏ-வைப் பாதியாக வைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று கேட்பாய். வெயிலில் வருகிற பிசகும் நிழலில் வருகிற பிசகும் ஒன்றல்ல. போதாததற்கு, ஆல்கலைன் செல் தேயத் தேய வோல்ட்டும் இறங்கும், இந்த மாதப் பிசகு அடுத்த மாதம் மாறிவிடும்.

காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 துத்தநாக-காற்று செல் 1.4 வோல்ட். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் கொடுத்து உட்கார வைக்கலாம். ஸ்டிக்கரை உரித்த பிறகு சில நிமிடம் காற்றுப் பட விடு. அன்று முதல் அதற்கு ஆயுள் குறைவுதான், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். செலவு செய்ய மனமிருந்தால் சில்வர் ஆக்சைடு செல்லின் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் அடாப்டர் வாங்கு. எதைப் போட்டாலும், மேல்மூடி திறந்திருக்கும் வரை இந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுத்ததும் மூடிப் பழகு.

என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் செல்லே போடாதே. நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில்: 400 ஃபிலிமுக்கு 1/500, 100க்கு 1/125. நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. அதனால் சந்தேகம் வந்தால் எஃப் 11. திறந்தவெளி நிழலில் எஃப் 5.6. உச்சி வெயிலில் ஆளை நிற்க வைத்து எடுத்தால் கண்குழி இருண்டுவிடும், அந்த இடத்தில் இன்னொரு ஸ்டாப் திறந்தாலும் தப்பில்லை. இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் மீட்டரையே நீ சோதிக்கலாம். வெயில் படுகிற சிமெண்ட் தரையை நோக்கிக் கேமராவைப் பிடித்து, 1/500, எஃப் 16 வைத்து இரண்டு முள்ளும் சேர்கிறதா பார். சேராமல் எஃப் 22 கேட்டால் உன் ஒரு ஸ்டாப் அங்கேதான் போயிற்று. சுண்ணாம்பு அடித்த சுவரை மட்டும் பார்க்காதே. நல்ல மீட்டரையும் அது ஏமாற்றும்.

இனி, லென்ஸுக்கு முன்னால் நீ மாட்டியிருந்த மஞ்சள் ஃபில்டர். இந்தக் கேமராவில் நீ பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. கீழே எதை மாட்டினாலும், எதைக் கழற்ற மறந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. மீட்டரின் கண்ணோ இரண்டுக்கும் மேலே, பெயர்ப்பட்டைப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதற்கும் ஃபில்டர் தெரியாது. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் வைத்திருக்கும் உன் நண்பன், ஃபில்டர் போட்டால் மீட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னது அவன் கேமராவுக்குச் சரி. அதன் மீட்டர் லென்ஸ் வழியாகவே வெளிச்சத்தை அளக்கிறது. நீதான் கணக்குப் பண்ணிக் கூட்ட வேண்டும். ஃபில்டர் வளையத்தில் இருக்கும் எண் மடங்கு, ஸ்டாப் இல்லை. 2 என்றால் ஒரு ஸ்டாப், 4 என்றால் இரண்டு, 8 என்றால் மூன்று. மீட்டரால் ஒன்று, மஞ்சளால் ஒன்று. உன் குளக்கரைப் படங்கள் மெலிந்திருக்கும் அளவைப் பார்த்தால் இந்தக் கூட்டல் சரியாகவே வருகிறது. ஃபில்டர் இல்லாமல் எடுத்த கடைசி நாலு படம் கொஞ்சம் தேறியிருக்கிறது, கவனித்தாயா?

போலரைசர் வாங்க ஆசை என்றாய். முதலில் மேல் லென்ஸில் மாட்டித் திருப்பு. தண்ணீரின் பளபளப்பு அடங்குகிற இடத்தில் வளையத்தின் குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள். பிறகு அதைக் கழற்றிக் கீழ் லென்ஸில் அதே கோணத்தில் மாட்டி, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை திற. பொறுமை வேண்டும். ஓடுகிற குழந்தையை எடுக்க இது ஆகாது.

லென்ஸ் ஹூட் வாங்கினால் பே 1 அளவு கேள். ரோலிகார்டுக்கு வந்த பே 1 சாமானும் இதில் உட்காரும். 2.8 ரோலிஃப்ளெக்ஸுக்கு வந்த பே 3 பெரியது, பொருந்தாது. பாதித் திருகலில் விட்ட ஹூட் சாய்ந்து ஒரு மூலையைக் கறுப்பாக்கும், அதுவும் மேலே தெரியாது. லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். ஆனால் ஃபங்கஸ் படத்தைப் பால் கலந்த மாதிரி வெளுக்கச் செய்யுமே தவிர நெகட்டிவை மெலிய வைக்காது.

ஷட்டர் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால், பழைய இந்து ஃபிலிம் ரோலை யாரோ உன் தலையில் கட்டினார்களே, அதைப் போட்டு ஓட்டு. அதைச் செய்த ஊட்டி ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அதில் படம் எடுத்தால் எது யார் குற்றம் என்று பிரிக்கவே முடியாது. இந்த வேலைக்குத்தான் அது லாயக்கு. போனில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வைத்து, கீழ் லென்ஸை முன்னாலிருந்து பதிவு செய். 1/30இல் இலைகள் எட்டு பிரேம் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து வந்தால் மெக்கானிக்கைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த ரோல் புதியதாக இருக்கட்டும். செல், ஃபில்டர், ஹூட் எதுவும் வேண்டாம். வெயிலில் ஒரே காட்சியை 1/500இல் எஃப் 16, 11, 8 என்று எடுத்து, எது எந்தக் கட்டம் என்று எழுதி வை. அதே லேபில் கழுவி, ஓரத்தை வெட்டாமல் அனுப்பு.

அந்த ஒற்றை குளோஸ்-அப் கண்ணாடியைப் பற்றியும் கேட்டிருந்தாய். இந்தக் கேமரா ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது என்பதால் அதன் தேவை நியாயம்தான். எக்ஸ்போஷரையும் அது குறைக்காது. ஆனால் அது ஜோடியாக வருகிற சாமான். கனமான துண்டு மேல் லென்ஸுக்கு. பார்வைக் கோட்டைக் கீழே சாய்க்கிற ஆப்பு வடிவக் கண்ணாடி அதில்தான் இருக்கிறது, குறி மேல்பக்கம் நிற்கும்படி மாட்ட வேண்டும். உன்னிடம் இருப்பது மெல்லிய துண்டு மட்டும். விற்றவரிடம் மறுபடி போய்க் கேள். அது என்னவென்று தெரியாமல் தனியாகப் போட்டு வைத்திருப்பார்.

அன்புடன்,
உன் அண்ணன்