நிலவேம்பும் மலைக்கசப்பும்

கோலார் தங்கவயலில் ஒரே செடிக்கு மூன்று மொழிகளில் பெயர் வழங்குகிறது. தமிழர் நிலவேம்பு என்பர். தெலுங்கர் நேலவேமு என்பர். கன்னடர் நெலபேவு என்பர். தரையோடு வளரும் வேம்பு என்பதே மூன்றுக்கும் பொருள். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்தோர் தெலுங்கரோடும் கன்னடரோடும் கலந்து வாழ்ந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மொழிகள் மூன்றும் நிலைத்திருக்கின்றன.

இம்மூன்று பெயர்களால் குழப்பம் இல்லை. வடநாட்டுப் பெயர் வந்து கலக்கும்போதே அது தொடங்குகிறது. வடமொழி மருத்துவ நூல்கள் கிராததிக்தம் எனக் குறிப்பது இமயமலைச் செடியொன்றை. கிராதர் என்னும் மலைவாழ் மக்களின் கசப்பு என்பது அச்சொல்லின் பொருள். இந்தியில் அது சிராயதா. காஷ்மீரம் முதல் பூட்டான் வரை, ஏறத்தாழ 1,200 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. அதிலுள்ள அமரோஜென்டின், உலகம் அறிந்த கடுங்கசப்புப் பொருள்களுள் ஒன்று. காய்ச்சலுக்கும் பசியின்மைக்கும் வழங்கப்பட்ட இம்மூலிகை 1839-இல் எடின்பரோ மருந்து நூலிலும் இடம்பெற்றது. பூத்துக் காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முழுச்செடியையும் பிடுங்கி விற்பதால் அருகி வருகிறது. விலையும் கூடுதல். ஆதலால் சமவெளியில் எளிதில் கிடைக்கும் நிலவேம்பு சிராயதா என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது. மலையாளத்தில் நிலவேம்புக்கே கிரியாத்து என்ற பெயர் உண்டு. மலையின் பெயர் சமவெளிக்கு இறங்கிவிட்டது!

நகைக்கடன் வழங்குமுன் தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறோம். மூலிகைக்கு நாக்கே உரைகல் எனப் பலர் கருதுகின்றனர். இங்கே அது பயன்படாது, இரண்டும் கசக்கும். தண்டைப் பார்க்க வேண்டும். நிலவேம்பின் தண்டு பச்சையாய், நான்கு பட்டைகளோடு இருக்கும். சிராயதாவின் தண்டு பெரும்பாலும் உருண்டையாய், பழுப்பு அல்லது செவ்வூதா நிறத்தில் இருக்கும். ஒடித்தால் உள்ளே மஞ்சள் நிற நெட்டி தெரியும். பொடியாக வாங்குவோர்க்கு இவ்வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே உலர்ந்த செடியாக வாங்குவதே நன்று என்பது எமது கருத்து.

பெயர் மாறி வந்தாலும் நிலவேம்பைத் தாழ்ந்த சரக்கு என்று ஒதுக்க வேண்டுவதில்லை. சிறியாநங்கை எனவும் வழங்கும் இதைச் சித்த மருத்துவம் காய்ச்சலுக்குரிய முதன்மை மூலிகைகளுள் வைத்திருக்கிறது. தாய்லாந்தில் இது ஃபா தலாய் ஜோன் என்னும் பெயரால் தொண்டைவலிக்கும் சளிக்கும் வழங்கப்படுகிறது. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பொதுமக்களுக்கு வழங்கியது. அது தனிச்செடியின் சாறன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்தது. பொடியை நீரிலிட்டு நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் அருந்துவர். காய்ச்சி வைத்ததை மறுநாளைக்கு வைத்துக்கொள்வதில்லை. அதே ஆண்டு பேசப்பட்ட மலைவேம்பு முற்றிலும் வேறு, அது மரம். பெயரைப் பாதி மட்டும் காதில் வாங்கிக் கடைக்குச் செல்வோர் இதை நினைவிற் கொள்க.

குடிநீர் அருந்துகிறோம் என்பதற்காகக் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களிலேயே நிலை மோசமாகக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக்கசிவு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிலவேம்பு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது. அவற்றிற்கு மருந்து உண்போரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. சிலருக்கு ஒவ்வாமையும் நேரும்.

சிறியாநங்கை பாம்பு நஞ்சை முறிக்கும் என்னும் நம்பிக்கை இன்றும் வலுவாக இருக்கிறது. இலை கசக்கவில்லையெனில் நஞ்சு ஏறியிருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பாரும் உளர். அந்தச் சோதனைக்குச் செலவாகும் நிமிடங்கள் கடிபட்டவரின் உயிருக்குரியவை. நஞ்சு ஏறியவருக்கு உரிய மருந்து நஞ்சுமுறி ஊசியே. அது அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, இறுகக் கட்டாமல், கீறாமல், நேரே அங்கு அழைத்துச் செல்க.